93 டிகிரியில் ஒரு சூப்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். மார்க் கூடப் போடுகிறோம். நாவலுக்கு, நாடகத்துக்கு, பட்ஜெட்டுக்கு, கடைசி ஓவரை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதற்கு, எல்லாவற்றுக்கும் விமர்சனம் உண்டு. வாசித்த கையோடு அடுப்பைப் பற்றவைத்துச் செய்து பார்க்கிற ஒரே எழுத்து வகைக்கு மட்டும் கிடையாது. சமையல் குறிப்பு.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. படம் மொக்கை என்றால் டைரக்டரைத் திட்டுவோம். ஹீரோவைத் திட்டுவோம். டிக்கெட் எடுத்துக் கொடுத்த நண்பனைக்கூட விடமாட்டோம். சமையல் குறிப்பு காலை வாரினால் மட்டும் எழுதினவரின் பெயரே ஞாபகம் வராது. 'எனக்குக் கைப்பக்குவம் வரலை' என்று செய்தவரே பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார். அவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. அதைச் சாப்பிட்டுவிட்டு, 'ம்ம்... என்னவோ குறையுதே' என்று தீர்ப்பு சொல்கிற கனவான் பெரும்பாலும் நம்மைப் போல ஓர் ஆண்.

ஆகவே இந்த வாரம் ஒரு சமையல் குறிப்புக்கு விமர்சனம். பெயர்: க்ரீமி பாஸ்தா சூப். ஓடும் நேரம்: பதினைந்து நிமிடம்.

இதை எழுதியவர் இன்னார் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. முப்பது வகை சூப் என்று இலவச இணைப்பாக வருகிற குட்டிப் புத்தகங்களில், பாஸ்தா பாக்கெட்டின் முதுகில், டி.வி.யில், செல்போனில் என்று சுற்றிச் சுற்றி வருவது ஏறக்குறைய ஒரே குறிப்புதான். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கு (இரண்டு நிமிடம்). பூண்டு போடு, தக்காளி போடு. தண்ணீர் ஊற்றி பாஸ்தாவைப் போட்டு எட்டு நிமிடம் வேகவிடு. சோளமாவைக் கரைத்து ஊற்று. கடைசியில் ஒரு கப் ஃப்ரெஷ் க்ரீம் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கு. மேலே பார்மசான் சீஸ் தூவு. சூடாகப் பரிமாறு. உப்பு, தேவையான அளவு.

நாலு வரியில் நாலு பொய். போன மாதம் கொடைக்கானல் போயிருந்தபோது இந்தக் குறிப்பு நேருக்கு நேர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பேங்க்கில் மாற்றலாகிக் கொடைக்கானலில் இருக்கிறார். மதினி திண்டுக்கல்காரர். மலைக்குக் குடிவந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. வெளியே மூடுபனி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், சூப் வைத்தால் நன்றாக இருக்குமே என்று நல்ல மனசோடு ஆரம்பித்திருக்கிறார். நான் சமையலறைக்குள் தலையை நீட்டியபோது கரண்டியில் ஒரு மாக்கரோனியை எடுத்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு நிமிசம்னு போட்ருக்கான் தம்பி. பன்னண்டாச்சு. நடுவுல இன்னும் கடுக்குனு நிக்குது. எனக்கு இந்த வெளிநாட்டுச் சமையல் எல்லாம் சரிப்பட்டு வராது."

"உங்க மேல தப்பில்ல மதினி. தண்ணி சரியா சுடலை."

"கொதிக்குதே, கண்ணு தெரியலையா?"

கொதிக்கத்தான் செய்தது. தளதளவென்று. ஆனால் கொடைக்கானலில் தண்ணீர் கொதிப்பதும் திண்டுக்கல்லில் கொதிப்பதும் ஒன்றல்ல. எட்டாம் வகுப்பில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன சமாசாரம். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 100 டிகிரி. பெங்களூரில் 97. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கிறது. அங்கே 93.

(அந்தக் காலத்து சர்வேயர்கள் இதையே தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். மலை உச்சியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்து, மலையின் உயரத்தைச் சொல்லிவிடுவார்கள். கணக்கு முடிந்ததும் அதிலேயே டீ போட்டுக் குடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். டீயும் சுமாராகத்தான் இருந்திருக்கும்.)

இதில் முக்கியமான விஷயம், அடுப்பைப் பெரிதாக்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை. கொதிக்க ஆரம்பித்த தண்ணீர் 93-ஐத் தாண்டாது. ஃபுல்லில் வைத்தால் ஆவிதான் வேகமாகப் போகும், காஸ் தீரும், சூப் குறையும். மதினி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். குறிப்பு அவருக்கு வேறு வழி எதையும் சொல்லித் தரவில்லை.

பாஸ்தாவாவது பரவாயில்லை. கோதுமையில் இருக்கிற ஸ்டார்ச் 60 டிகிரி தாண்டினாலே தண்ணீரைக் குடித்து உப்ப ஆரம்பித்துவிடும். அதனால் 93-லும் வெந்துவிடும், மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். பருப்பும் பயறும் அப்படியில்லை. கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேகவைக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் அவர் மாலை ஷோவுக்குப் போய்விட்டு வரலாம். மலைமேல் குக்கர் ஒரு வசதி அல்ல, அத்தியாவசியம். மூடியை இறுக்கிவிட்டால் மலையும் சமவெளிதான்.

'எட்டு நிமிடம்' என்று அடித்தவர் கடல்மட்டத்தில் உட்கார்ந்து அடித்திருக்கிறார். அதில் குற்றமில்லை. ஆனால் நேரத்தைச் சொன்னவர் அடையாளத்தையும் சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா? 'ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்திருந்தால் வெந்துவிட்டது' என்று ஒரே ஒரு வரி. அது ஊட்டியிலும் செல்லும், கொடைக்கானலிலும் செல்லும், லே-லடாக்கிலும் செல்லும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் மதினி தன்னைத் திட்டிக்கொண்டார்.

நேரப் பொய்யில் இன்னொன்று, வெங்காயம். இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகிற வெங்காயம் இந்தப் பூமியில் இன்னும் விளையவில்லை. பத்து நிமிடமாவது ஆகும், அதுவும் பக்கத்திலேயே நின்று கிளறினால். இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. டாம் ஸ்கோக்கா என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் வெங்காய விஷயத்தில் ஏன் இப்படிக் கூசாமல் புளுகுகிறார்கள் என்று கேட்டுப் பெரிய சர்ச்சையாக்கிவிட்டார். காரணம் சுலபம். உண்மையான நேரத்தைப் போட்டால் தலைப்பில் 'பதினைந்து நிமிடம்' நிற்காது. வெங்காயம் உரிக்கிற நேரம், கேரட் சீவுகிற நேரம், சிலிண்டர் தீர்ந்து மாற்றுகிற நேரம் எல்லாம் கணக்கிலேயே வராது. பி.காம். பரீட்சையில் இப்படிச் செலவை மறைத்து லாபம் காட்டியிருந்தால் என்னை ஃபெயில் ஆக்கியிருப்பார்கள்.

சரி, க்ரீமுக்கு வருவோம். வழக்கின் மையப்புள்ளி இதுதான்.

க்ரீமி என்பது நாக்கு சொல்கிற வார்த்தை. வழவழப்பாக, கனமாக, நாக்கில் ஒரு மெத்தை போட்ட மாதிரி இருக்க வேண்டும். க்ரீம் என்பது கடையில் விற்கிற பொருள். குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். க்ரீமியாக வேண்டுமா, க்ரீம் வாங்கு. ஆனால் சும்மா க்ரீம் ஊற்றினால் சூப் கெட்டியாவதில்லை, வெள்ளையாகிறது. அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் முன்னாடியே சோளமாவைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். கெட்டிப்படுத்துகிற வேலையைச் செய்வது சோளமாவு, பெயரைத் தட்டிக்கொண்டு போவது க்ரீம். டூப் போட்டவருக்கு அடி, ஹீரோவுக்கு விசில்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட்டுகளுக்காக இருக்கிற ஓட்டல்களில் 'க்ரீம் ஆஃப்' என்று ஆரம்பிக்கிற சூப்பைக் கேட்டால் பல இடங்களில் கிடைப்பது சோளமாவுப் பசை. ஆறினால் மேலே ஏடு கட்டி, கரண்டியை நட்டால் நிற்கும். சுவரில் போஸ்டர் ஒட்டலாம். குளிருக்கு எதைக் கொடுத்தாலும் குடிப்பார்கள் என்ற தைரியம்.

அடுத்து, தக்காளி போட்ட சூப்பில் க்ரீமை ஊற்றி 'ஒரு கொதி விடவும்' என்கிற கட்டளை. தக்காளி புளிப்பு. நம் கடைகளில் ஃப்ரெஷ் க்ரீம் என்று அட்டைப் பெட்டியில் விற்பதில் கொழுப்பு 25 சதவிகிதம் போல இருக்கும். மேல்நாட்டுக் குறிப்புகளில் வருகிற ஹெவி க்ரீமில் அது 35-க்கு மேல். கொழுப்பு அதிகமாக இருந்தால் புளிப்பையும் கொதியையும் தாங்கும். நம் பெட்டியில் இருப்பது அவ்வளவு தாங்காது, சட்டென்று திரிந்துவிடும். சூப்பில் தேங்காய்த் துருவல் மிதக்கிற மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும். குறிப்பைத் தமிழில் பெயர்த்தவர் வார்த்தையைப் பெயர்த்தார், சதவிகிதத்தைப் பெயர்க்கவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கால் லிட்டர் க்ரீம், 25 சதவிகிதம். சுமார் 62 கிராம் கொழுப்பு. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6 சதவிகிதம். ஒரு லிட்டருக்கு 60 கிராம் கொழுப்பு. ஏறக்குறைய ஒரே கொழுப்பு! இந்தப் பக்கம் கூடுதலாக ஒரு லிட்டர் பாலின் புரதமும் கால்சியமும் சேர்ந்து வருகின்றன. விலைப்பட்டியலை நீங்களே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்ச க்ரீமை ஃப்ரிட்ஜில் வைத்து, மறந்து, பத்து நாள் கழித்து மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டுகிற செலவையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் க்ரீமித்தனம் எங்கிருந்து வரும்?

நம் ஊரில் இதற்குப் பதில் எப்போதோ தெரியும். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறீர்களா? குருணை, பாசிப்பருப்பு, பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால். குழையக் குழைய வெந்து, வழவழவென்று தொண்டையில் இறங்கும். அதைவிட க்ரீமியான சூப் உலகத்தில் எத்தனை இருந்துவிடப் போகிறது? ஒரு சொட்டு க்ரீம் கிடையாது. தானியமும் பயறும் தங்கள் ஸ்டார்ச்சை விட்டுக்கொடுத்து, பால் அதை மென்மையாக்குகிறது. பாஸ்தா சூப்பும் தத்துவத்தில் ஒரு கோதுமைக் கஞ்சிதான். இத்தாலிய கிராமத்து வீடுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பாஸ்தாவும் பீன்ஸும் போட்டு ஒரு கெட்டி சூப், அதில் பாதி பீன்ஸை மசித்து விட்டுவிடுவார்கள். ஏழை வீட்டுச் சாப்பாடு. க்ரீம் சேர்ந்தது எல்லாம் அது ஓட்டல் வாசல் ஏறிய பிறகு.

கொடைக்கானலில் இந்த சமாசாரம் கொடியில் காய்க்கிறது. பட்டர் பீன்ஸ்! மதுரை மார்க்கெட்டில் 'கொடைக்கானல் பட்டர் பீன்ஸ்' என்று கூவித்தான் விற்பார்கள். வேகவைத்து விரலால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்கும், பெயரே அதனால்தானோ என்னவோ. மதினி வீட்டுக்கு எதிர்த்த காய்கறிக் கடையில் அன்று காலை பறித்தது குவிந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போய் சூப்பர் மார்க்கெட்டில் க்ரீம் பெட்டி வாங்கி வந்திருந்தார். குறிப்பில் அப்படித்தானே போட்டிருக்கிறது!

பூண்டும் அப்படித்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளூர்க்காரர்கள் நாலு பல் போடுகிற இடத்தில் இரண்டு போதும் என்பார்கள், அவ்வளவு காரம். குறிப்பில் இருப்பது 'கார்லிக் பவுடர், அரை டீஸ்பூன்'. கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு கார்லிக் பவுடர் போடுவது திருப்பதியில் பாக்கெட் லட்டு வாங்குவது போல. சீஸும் பார்மசான்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பானேன்? கொடைக்கானலிலேயே சீஸ் தயாராகிறது. கொடை சீஸ் என்று கேட்டால் சென்னைக் கடைகளிலேயே எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். கர்னல் கென்னி-ஹெர்பர்ட். வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னைப் பத்திரிகையில் சமையல் பற்றி எழுதி, 1878-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். (பத்திரிகையில் எழுதிப் பிறகு புத்தகம் போடுகிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.) சூப், மாக்கரோனி, சீஸ் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். மெட்ராஸ் சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் 'ராமசாமி' என்று ஒரே பெயர் வைத்து அழைக்கிற எஜமானத் தோரணை இன்றைக்கு எரிச்சலூட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் மனிதர் கறார். கப்பலில் வந்த டின்களைத் திறந்து கொட்டிவிட்டு அதை விருந்து என்று சொல்லாதே, மார்க்கெட்டுக்குப் போ, அங்கே என்ன இருக்கிறதோ அதைப் பார் என்று தன் சொந்த ஜனங்களையே விளாசுகிறார். வெள்ளைக்காரருக்கு 1878-ல் தெரிந்த விஷயம், ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்குகிற நம்மவருக்கு இன்னும் தெரியவில்லை.

அதே போல எஸ். மீனாட்சி அம்மாள். 1951-ல் வந்த 'சமைத்துப் பார்'. பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ இல்லாமல் தனியாகக் குடித்தனம் வைத்த தலைமுறைக்கு அந்தப் புத்தகம் பாட்டி மாதிரி இருந்தது. ஆழாக்குக் கணக்கும் ஸ்பூன் கணக்குமாக, முன்னேபின்னே அடுப்பையே பார்க்காதவரும் கையைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி எழுதியிருப்பார். வாசகியை நிர்க்கதியாக விட்டுவிடக் கூடாது என்கிற பொறுப்பு அதில் இருந்தது. 'உப்பு, தேவையான அளவு' என்பது அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற வாக்கியம். தேவையான அளவு என்ன என்று தெரிந்தவர் எதற்கு ஐயா உங்கள் குறிப்பைப் படிக்கப் போகிறார்?

பாஸ்தாவைப் பற்றிச் சுருக்கமாக. நம்மில் பலரும் அது இத்தாலியிலிருந்து இறங்குகிற ஏதோ தேவலோக வஸ்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடைக்கானல் எந்த மாவட்டம்? திண்டுக்கல் மாவட்டம். திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி. அதோடு நிறுத்திவிடுவார்கள். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பாதி அலமாரிகளில் இருக்கிற அனில் சேமியா திண்டுக்கல் சரக்கு. நாகா மாவு மில் அதே ஊர். ரவையைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, காயவைக்கிற வித்தைதான் சேமியா. மாக்கரோனியும் அதே வித்தை, அச்சுதான் வேறு. மதினி பிறந்த ஊரே சேமியா ஊர். அவர் போய் 'எனக்கு வெளிநாட்டுச் சமையல் வராது' என்கிறார்!

வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் மட்டும் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்று இருந்தால் நல்லது. கெட்டியான கோதுமை, வெந்தாலும் உருக்குலையாது. இத்தாலியில் 1967-ல் உலர் பாஸ்தாவுக்கு இந்தக் கோதுமைதான் என்று சட்டமே போட்டார்கள். மைதா என்று இருந்தால் ஐந்து நிமிடம் அசந்தால் கூழ். நம் சம்பா கோதுமை டியூரத்துக்கு நெருங்கிய சொந்தம் என்பது உபரித் தகவல்.

கோதுமை என்றதும் இன்னொன்று. பழனி மலைக்கும் இந்தியக் கோதுமைக்கும் ஒரு விபரீதமான உறவு இருக்கிறது. ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கே.சி. மேத்தா 1930-களிலும் 40-களிலும் கோதுமையைத் தாக்குகிற துருநோயைத் துரத்திக்கொண்டு போனார். வடக்கே சமவெளியில் வெயில் காலத்தில் அந்தப் பூஞ்சை செத்துப்போகிறது, ஆனால் அடுத்த வருஷம் மறுபடி எப்படி வருகிறது? பதில் தெற்கே இருந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிரில் கோதுமைப் பயிர் மேல் பிழைத்துக்கிடந்து, காற்றில் ஏறி மத்திய இந்தியா வரை போகிறது கருந்துரு. மத்தியப் பிரதேசத்தில்தான் டியூரம் அதிகம் விளைகிறது. ஆக, பாஸ்தாவுக்குப் பழனி மலை கொடுத்த முதல் நன்கொடை நோய். பட்டர் பீன்ஸ் கொடுத்துப் பிராயச்சித்தம் செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மார்க் போட்டுவிடலாம். க்ரீமி பாஸ்தா சூப், புழக்கத்தில் இருக்கிற வடிவம். எண்ணம் நல்ல எண்ணம். குளிரில் பிள்ளைகளுக்கு ஒரு பாத்திரத்தில் சூடாக ஏதாவது என்கிற ஆசைக்கு நூற்றுக்கு எண்பது. நேரத்துக்கு இருபது. க்ரீமுக்குப் பத்து. 'தேவையான அளவு'க்குப் பூஜ்யம்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். அன்றைக்கு மதினியும் நானுமாகத் திருத்தி எடுத்ததை, நாலு பேர் கணக்குக்கு, இங்கே தருகிறேன்.

உரித்த பட்டர் பீன்ஸ் ஒரு கப். பச்சையாக இருந்தால் குக்கரில் நாலு விசில், காய்ந்ததாக இருந்தால் ராத்திரியே ஊறவைத்து ஆறு விசில். பீன்ஸ் விதை எதுவானாலும் அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டும். ஆகவே மலையில் திறந்த பாத்திரம் வேண்டவே வேண்டாம். அது வேகும்போதே ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, நிதானமான தீயில் பத்து நிமிடம். பொன்னிறம் வேண்டாம், கண்ணாடி மாதிரி ஆனால் போதும். மலைப்பூண்டு ஆறு பல் தட்டிப் போட்டு ஒரு நிமிடம், ஒரு கேரட்டைச் சின்னச் சதுரங்களாக்கிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். தக்காளி வேண்டாம். புளிப்பு ஆசை இருந்தால் இறக்கியபின் தட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

இப்போது ஒரு லிட்டர் தண்ணீர். வேறு அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெந்நீராகவே இருக்கட்டும். கொடைக்கானல் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அது கொதிப்பதற்குள் பிள்ளைகள் பிஸ்கெட் தின்று முடித்துவிடுவார்கள். உப்பு ஒன்றரை டீஸ்பூன், தட்டையாக. கொதித்ததும் மாக்கரோனி 100 கிராம். பாத்திரத்தை மூடுங்கள், தீயை மட்டாக வையுங்கள், நடுநடுவே அடியில் ஒட்டாமல் கிளறுங்கள். பதினோராவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் வெந்த பீன்ஸில் பாதியை எடுத்து, ஒரு கப் வெதுவெதுப்பான பால் விட்டு, மத்தால் கடையுங்கள். மிக்ஸி வேண்டாம், ஓரிரண்டு திப்பி இருந்தால்தான் வீட்டுச் சூப். மாக்கரோனி வெந்ததும் தீயைக் குறைத்து மீதி பீன்ஸையும் இந்தக் கடைசலையும் சேர்த்துக் கிளறினால், பாஸ்தா விட்ட ஸ்டார்ச்சும் பீன்ஸும் கைகோத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கரண்டியின் முதுகில் படிகிற அளவுக்கு வந்துவிடும். பால் சேர்த்தபின் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம்தான் துருவிய சீஸ், ஒரு கைப்பிடி. நல்ல சீஸைக் கொதியில் போட்டால் உருகாமல் கயிறாகத் திரியும், அணைத்தபின் போட்டால் கரையும். மிளகுத்தூள் தாராளமாக.

வெங்காயம் உரித்ததிலிருந்து தட்டில் ஊற்றியது வரை கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம். பச்சை பட்டர் பீன்ஸை உரித்த நேரம் தனி, அதைப் பிள்ளைகள் செய்தார்கள். சின்னவன் இரண்டாவது தடவை கேட்டான். பெரியவள் பீன்ஸைக் கண்டுபிடித்து ஓரமாக ஒதுக்கினாள். மசிந்துபோன பாதியை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மதினி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம பால் கஞ்சி மாதிரில்ல இருக்கு" என்றார்.

இன்னும் ஒரு விஷயம், எந்தக் குறிப்பிலும் இல்லாதது. இந்த சூப் காத்திருக்காது. இருபது நிமிடம் விட்டால் மாக்கரோனி மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் களியாகி நிற்கும். வீட்டில் ஆட்கள் ஆளுக்கொரு நேரத்தில் வந்து சாப்பிடுகிறவர்கள் என்றால் பாஸ்தாவைத் தனியே வேகவைத்து வடித்து எடுத்து வைத்துக்கொண்டு, அவரவர் கிண்ணத்தில் போட்டுச் சூடான சூப்பை ஊற்றுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், கெட்டிப்படுத்துகிற சரக்கு அதில்தான் இருக்கிறது, சூப்பிலேயே சேருங்கள். மறுநாள் மிச்சத்தைச் சூடு பண்ணும்போது அரை கப் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். மதுரை, திருச்சி, சென்னைக்காரர்கள் மாக்கரோனி நேரத்தில் மூன்று நிமிடம் கழித்துக்கொள்ளவும்.